பொதுக் கழிப்பிடமும் பொது அறமும்



அறம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் உள்ளம் ஈகை, வாய்மை, கருணை, தவம் என்னும் உயர்ந்த பொருள்களையே நாடிச் செல்கின்றது. அது இயல்பே. ஆயினும் மனிதனுடைய நாள் அவற்றோடு தொடங்குவதில்லை. விடியற்காலையில் கண் விழித்ததும் அவன் முதலில் தேடுவது மலம் கழிக்க ஓர் இடமே. அவ்விடம் தன் வீட்டிற்குள்ளேயே அமையப்பெற்றவனுக்கு அதைப்பற்றிச் சிந்திக்க ஒன்றுமில்லை. ஓர் இடத்தை ஐம்பது பேரோடு பங்கிட்டுக்கொள்ள வேண்டியவனுக்கோ, ஒழுக்கத்தின் முதற்பாடம் அங்கேயே தொடங்கிவிடுகின்றது. நாவால் சொல்லக் கூசும் பொருள் என்று இதனை ஒதுக்கிவிடுதல் எளிது. ஒதுக்கியதனால் விளைந்த கேடு போதும் என்று கருதியே யாம் இதை எழுதத் துணிந்தோம்.

யாம் பள்ளியில் மிகுதியாகப் படித்தவர் அல்லோம். பத்தொன்பதாம் வயதில் மும்பையில் ஒரு பஞ்சாலையில் பதிலித் தொழிலாளியாகச் சேர்ந்து, ஆலை மூடப்படும் வரையில் நூற்புப் பகுதியிலே நின்று காலங் கழித்தோம். இரவு வேலை முடிந்தபின் எழுத்துக்கூட்டிப் படித்த நூல்களே எமக்கு ஆசான். தாராவியில் ஒரு சந்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருக்கின்றோம். இங்கு எழுதுவன அந்தச் சந்திலே கண்டவையும், அதனால் படித்தவையுமே ஆகும்.

ஏழைகள் ஏன் கழிப்பிடத்தைப் பங்கிட்டு வாழ நேர்ந்தது என்பதை முதலில் காண்போம். 1896-ஆம் ஆண்டில் மும்பையில் பிளேக் நோய் பரவிற்று. நெருக்கமும் அழுக்குமே நோய்க்கு உறைவிடம் என்று கருதிய அரசாங்கம், 1898-இல் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் என்னும் அமைப்பை நிறுவிற்று. அது பழைய குடியிருப்புகளை இடித்துத் தெருக்களை அகலமாக்கியது. தொழிலாளருக்கெனச் 'சால்' என்று அழைக்கப்படும் வரிசை வீடுகளையும் கட்டியது. குடும்பம் ஒன்றுக்கு ஓர் அறை. குழாயும் கழிப்பிடமும் பலருக்கும் பொது. பாபாசாகேப் அம்பேத்கர் பரேலில் இத்தகைய சால் ஒன்றில்தான் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். உலகம் போற்றும் கல்வியைப் பெற்ற அப்பெருமகனாரும் பொதுக் கழிப்பிடத்தைப் பயன்படுத்திய மும்பைவாசிகளுள் ஒருவரே என்பதை நாம் நினைவில் வைத்தல் நன்று.

சால்களிலும் இடம் பெறாதவர்கள் நகரின் ஓரத்துச் சதுப்பு நிலத்திலே குடிசை போட்டனர். தாராவி அவ்வாறு வளர்ந்ததே. கோலி மீனவர் அங்கு முன்பே இருந்தனர். குஜராத்திலிருந்து குயவர் வந்தனர். திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் நம்மவர்கள் தோல் பதனிடும் தொழிலுக்கும் பிற கூலி வேலைகளுக்கும் வந்து குடியேறினர். இரண்டு சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் நிலப்பரப்பில் இலட்சக்கணக்கான மக்கள் வாழலாயினர். பத்தடிக்குப் பத்தடி அறையில் சமையலும் உறக்கமும் தொழிலும் நடைபெறும்போது கழிப்பிடத்திற்கு இடம் ஏது? இடம் ஒதுக்கினாலும் கழிவை ஏற்றுச் செல்லும் குழாய் சந்துக்குள் வருவதில்லை. நீர் நாளொன்றுக்குச் சில மணி நேரமே வரும். ஆகவே பொதுக் கழிப்பிடம் அம்மக்கள் விரும்பித் தேர்ந்த ஏற்பாடு அன்று; வேறு வழியின்மையால் நேர்ந்தது.

மும்பை மாநகராட்சி 1990-களின் நடுப்பகுதியில் உலக வங்கியின் கடனுதவியோடு சேரித் துப்புரவுத் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. கட்டடத்தை மாநகராட்சி கட்டித் தரும். குடியிருப்போர் சங்கம் அமைத்து, ஒரு தொகையை முன்பணமாகச் செலுத்தி, பின்னர் அதனைப் பேணிக் காக்க வேண்டும் என்பது அதன் முறை. பத்தாண்டுகளில் முந்நூறுக்கும் மேற்பட்ட கழிப்பிடக் கட்டடங்கள் எழுந்தன. ஐம்பது பேருக்கு ஓர் இருக்கை என்பது அத்திட்டத்தின் அளவு. 2014-இல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கமோ, சமுதாயக் கழிப்பிடங்களுக்கு ஆண்களில் 35 பேருக்கும் பெண்களில் 25 பேருக்கும் ஓர் இருக்கை என்று அளவு வகுத்தது. ஐம்பது பேர் என்னும் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு ஐந்து நிமிஷம் என்றாலும் ஐம்பது பேருக்கு 250 நிமிஷம். அதாவது நான்கு மணி நேரத்திற்கும் மேல். வேலைக்குச் செல்வோரும் பள்ளிக்குச் செல்வோரும் விடியற்காலை ஐந்து மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் அனைவரும் சென்று வந்தாக வேண்டும். கதவுடைந்தும் நீரின்றியும் கிடக்கும் இருக்கைகளைக் கழித்துவிட்டால் கணக்கு இன்னும் கடுமையாகும்.

இக்கணக்கு வரிசையில் நிற்பவன் வயிற்றிலே எழுதப்படுகின்றது. அதனை யாம் உணர்ந்த விதத்தை மறைக்காமல் கூறுவோம்.

ஆலையை விட்டபின் யாம் ஞாயிறு தோறும் தம்மச் சொற்பொழிவு செய்து வரலாயினோம். அதனால் எம் சந்தில் எமக்கு ஒரு மதிப்பு உண்டாயிற்று. காலையில் டப்பாவில் நீர் ஏந்திக்கொண்டு யாம் வரிசைக்குச் சென்றால், "ஐயா வாங்க, முன்னால போங்க" என்று வழி விடுவார்கள். யாமும் முன்னே செல்வோம். ஒரு நாள், இரு நாள் அன்று. பல ஆண்டுகள் அவ்வாறே சென்றோம். அது தவறு என்னும் எண்ணமே எம் உள்ளத்தில் எழவில்லை. அறம் உரைப்பவனுக்கு மக்கள் செய்யும் மரியாதை என்றே கொண்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை, பள்ளிச் சீருடை அணிந்த சிறுவன் ஒருவன் வரிசையின் தலைப்பில் நின்றான். ஏழு வயதிருக்கும். எம்மைக் கண்டதும், "தாத்தா, நீங்க போங்க" என்று ஒதுங்கினான். பெரியவர்கள் செய்ததைப் பார்த்தே அவன் கற்றிருக்க வேண்டும். யாம் உள்ளே சென்று, நிதானமாகவே வெளியே வந்தோம். சிறுவன் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தான். அவனுடைய கால்சட்டை நனைந்து அழுக்காகியிருந்தது. பின்னால் நின்ற இளைஞர் சிலர் சிரித்தனர். அவன் அழவில்லை, தலையைக் குனிந்துகொண்டு டப்பாவோடு வீடு திரும்பினான். அன்று அவன் பள்ளிக்குச் செல்லவில்லை. முந்திய நாள் மாலை யாம் ஆற்றிய சொற்பொழிவின் பொருள் கருணை.

அதன் பின்னர் யாம் விநய பிடகத்தைப் படிக்கையில் சுல்லவக்கத்தில் ஒரு நிகழ்ச்சியைக் கண்டோம். முன்பும் அப்பகுதியைக் கடந்து சென்றிருக்கின்றோம், கண்ணில் பட்டதில்லை. பிக்குகள் மூப்பு முறைப்படியே மலக்கூடத்திற்குச் சென்று வந்தனராம். புதிதாகத் துறவு பூண்ட இளம் பிக்குகள் முன்னதாகவே வந்திருந்தாலும் மூத்தவர்களுக்காகக் காத்து நின்றனர். அடக்கி அடக்கி நின்றதனால் மயங்கி விழுந்தனர். செய்தி பகவான் புத்தரின் செவிக்கு எட்டிற்று. வணக்கத்திலும் ஆசனத்திலும் மூத்தோருக்குரிய முறையை அவர் நீக்கினாரல்லர். மலக்கூடத்திற்கு மட்டும் வந்த வரிசைப்படியே செல்க என்று விதித்தார்.

இவ்விதியின் நுட்பத்தை நாம் ஆராய்தல் வேண்டும். மரியாதை என்பது ஒருவர் மனமுவந்து கொடுப்பது. முறை என்பது ஒருவருக்கு உரியது. கொடுப்பதைப் பெறலாம், பிறருக்கு உரியதைப் பெறலாகாது. அவரே முன்வந்து கொடுத்தாலும், தாழ்ந்தவர் உயர்ந்தவருக்குக் கொடுக்கும் இடத்தில் அது கொடையா, அச்சமா என்பதை யார் அறிவார்? அச்சிறுவன் எமக்கு வழி விட்டது விருப்பத்தினால் அன்று. வேறு விதமாய் நடக்க அவன் கற்றதில்லை. உடலின் தேவை வயதையும் புகழையும் பிறப்பையும் கேட்டு எழுவதில்லை. ஆகவே அத்தேவைக்குரிய இடத்தில் முன்பின் என்னும் வேறுபாட்டைக் காலம் ஒன்றே வகுக்க வேண்டும்.

சுல்லவக்கம் இதனோடு நிற்கவில்லை. மலக்கூடத்தில் நடந்துகொள்ள வேண்டிய முறைகளை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கின்றது. வெளியே நிற்பவர் இருமிக் குரல் காட்ட வேண்டும். உள்ளிருப்பவரும் இருமி விடை தர வேண்டும். குழிக்கு வெளியே அசுத்தம் செய்தல் கூடாது. கழுவு கலத்தில் நீரை மிச்சம் வைத்தல் கூடாது. இடம் அழுக்காகியிருந்தால் கழுவ வேண்டும். சுற்றுப்புறம் குப்பையாயிருந்தால் பெருக்க வேண்டும். நீர்ச்சாடி வெறுமையாயிருந்தால் நிரப்ப வேண்டும். யாருடைய அழுக்கு என்னும் கேள்வி அங்கே இல்லை. கண்டவர் கழுவுக, அவ்வளவே. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய இம்முறைகளை எம் சந்தின் கழிப்பிடச் சுவரில் எழுதி வைத்தால், ஒன்றையும் மாற்ற வேண்டியதில்லை.

இம்முறைகள் அனைத்தும் ஒருவரையே கருதி வகுக்கப்பட்டவை. அவர் யாவர்? நமக்கு அடுத்து வருபவர். கழிப்பிடத்தின் கதவை மூடியபின் நம்மைக் காண்பவர் எவரும் இல்லர். நாம் நீர் ஊற்றினோமா இல்லையா என்பதை அறிபவரும் இல்லர். ஊற்றியதற்குப் புகழ் வரப்போவதில்லை. ஊற்றாததற்குத் தண்டனையும் இல்லை. அடுத்து வருபவர் நம் முகத்தை மறந்துவிடலாம். நாமும் அவரை அறியாதிருக்கலாம். சாட்சியும் கைம்மாறும் இல்லாத அந்த இடத்தில், இன்னும் கண்ணுக்குத் தோன்றாத ஒருவருக்காக ஒரு செம்பு நீர் ஊற்றுகின்றோமா என்பதே அறத்தின் உண்மையான சோதனை. மேடையில் நின்று பேசும் எமக்கு அது பெரிதும் விளங்கிற்று.

இனி, இப்பொருளில் மிகவும் கடினமான வினாவுக்கு வருவோம். கழிப்பிடத்தைக் கழுவுவது யார்?

எம் சந்தின் கழிப்பிடத்தைக் கழுவி வந்த இளைஞர் ஒருவர் இரண்டு மாதக் கூலி பாக்கி நின்றபடியால் வேலையை விட்டுச் சென்றுவிட்டார். கூலி ஏன் நின்றது? பாதிக்கும் குறைவான குடும்பங்களே மாதச் சந்தாவைச் செலுத்தின. ஏனையோர், "அங்கே கால் வைக்க முடியவில்லை, அதற்குச் சந்தா ஒன்றா?" என்றனர். கால் வைக்க முடியாமற் போனது சந்தா வராமையினால். சந்தா வராமை கால் வைக்க முடியாமையினால். இவ்வட்டத்திற்குள் ஒரு மாதம் சென்றது. ஒருநாள் மாலை குடியிருப்போர் கூடினர். வேறு ஆள் வரும்வரையில் வீட்டுக்கு ஒருவராக முறை வைத்து நாமே கழுவுவோம் என்று ஓர் அம்மையார் யோசனை கூறினார்.

உடனே ஓர் இளைஞர் எழுந்து, "அது எங்கள் சாதி வேலை இல்லை" என்றார். அவர் அமர்ந்த பின் முதியவர் ஒருவர் எழுந்தார். அவரை யாம் அண்ணாச்சி என்றே அழைப்பது வழக்கம். அவர் சொன்னார்: "ஐயா, என் தகப்பன் ஊரிலே மலம் அள்ளினார். அந்தத் துடைப்பம் என் கைக்கு வரக்கூடாது என்றுதான் என்னை ரயிலேற்றி இங்கே அனுப்பினார். அதை மறுபடியும் என் கையிலே கொடுக்காதீர்கள். கழுவுகிறவன் எவனையாவது வைத்துக் கழுவிக்கொள்ளுங்கள்."

கூட்டம் எம் முகத்தைப் பார்த்தது. அன்று எமக்கு விடை தோன்றவில்லை. கூட்டம் கலைந்தது.

அன்பர்களே, அவ்விரு மறுப்புகளும் செவிக்கு ஒன்றுபோலவே ஒலிக்கும். இரண்டின் விளைவும் ஒன்றே. அழுக்கு அங்கேயே கிடக்கும். ஆயினும் அவை ஒன்றல்ல. இளைஞருடைய மறுப்பு செருக்கிலிருந்து பிறந்தது. அண்ணாச்சியின் மறுப்பு காயத்திலிருந்து பிறந்தது. செருக்கைக் கண்டிக்கலாம். காயத்தைக் கண்டிப்பது கொடுமை. தலைமுறை தலைமுறையாகப் பிறப்பின் பெயரால் ஒரு கூட்டத்தாரின் கையில் திணிக்கப்பட்ட துடைப்பத்தை, அக்கூட்டத்தில் ஒருவர் கீழே வைத்துவிட்டால், அதை மீண்டும் எடுக்கச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

இத்தொழிலைப் புகழ்ந்து பேசியவர்களும் உண்டு. தோட்டியின் பணி தாயின் பணி போன்றது, தெய்வத்தொண்டு என்றெல்லாம் கூறினர். பாபாசாகேப் அப்புகழ்ச்சியை ஏற்கவில்லை. இழிவாகக் கருதப்படும் தொழிலில் ஒருவனைப் பிறப்பினால் கட்டி வைத்துவிட்டு, அதனை உயர்ந்தது என்று அவனிடமே கூறுவது அவனுடைய கட்டை இறுக்குவதே ஆகும் என்பது அவருடைய கருத்து. அத்தொழிலை விட்டு வெளியேறுங்கள் என்றே அவர் மக்களுக்குக் கூறினார்.

தேரகாதையில் காணப்படும் சுனீதருடைய வரலாறும் இதையே காட்டுகின்றது. தாழ்ந்ததென்று கருதப்பட்ட குலத்தில் பிறந்து, வாடிய மலர்களையும் குப்பையையும் அகற்றிப் பிழைத்தவர் அவர். பகவான் தம் பிக்குகளோடு எதிரே வந்தபோது அவர் ஒதுங்கி நின்றார். பகவான் அவரிடம், உன் தொழில் புனிதமானது, அதையே செய் என்று கூறவில்லை. சங்கத்தில் சேர வருக என்றே அழைத்தார். பிறப்பு கொடுத்த துடைப்பம் அன்றோடு கீழே விழுந்தது.

ஆனால் சுனீதர் நுழைந்த சங்கத்தில் மலக்கூடம் இருந்தது. அதனைப் பெருக்கவும் கழுவவும் நீர் நிரப்பவும் வேண்டியிருந்தது. அதற்கெனத் தனிச் சாதி அங்கே இல்லை. மேற்கூறிய முறைகள் அரச குலத்திலிருந்து வந்தவருக்கும் அந்தணர் குலத்திலிருந்து வந்தவருக்கும் சுனீதருக்கும் ஒன்றே. அந்தணர் குலத்துப் பிக்கு ஒருவர், நாற்றமுள்ள இந்த இழிந்த பொருளை யார் தொடுவது என்று எண்ணி, மலம் கழித்தபின் தம் உடலையே கழுவாதிருந்ததும் அந்நூலிலேயே சொல்லப்பட்டிருக்கின்றது. நீர் இருக்கும்போது கழுவியே ஆகவேண்டும் என்று பகவான் விதித்தார். வயிற்றுப்போக்கினால் தன் மலத்திலேயே கிடந்த பிக்கு ஒருவரைப் பகவானும் ஆனந்தரும் தம் கையாலேயே நீராட்டிப் படுக்க வைத்ததை மகாவக்கம் கூறும்.

ஆகவே இழிவு துடைப்பத்தில் இல்லை; மலத்திலும் இல்லை. 'நீ பிறந்ததனால் இது உனக்கே உரியது; நான் பிறந்ததனால் எனக்கு உரியதன்று' என்னும் கூற்றில்தான் இழிவு குடியிருக்கின்றது. பிறப்பு கொடுக்கும் துடைப்பம் விலங்கு. முறை கொடுக்கும் துடைப்பம் கடமை. முன்னதை வீசி எறிதல் அறம். பின்னதை ஏற்றலும் அறம். அண்ணாச்சியின் சொல்லில் பிழை ஒன்று உண்டெனின், அது இறுதி வாக்கியத்தில் உள்ளது. "கழுவுகிறவன் எவனையாவது" என்றாரே, அந்த எவனோ ஒருவனுக்கும் ஒரு தகப்பன் இருந்திருப்பான் அன்றோ? நம் கையிலிருந்து இறக்கிய சுமையை மற்றோர் எளியவன் தலையில் ஏற்றினால், நாம் விடுதலை அடைந்தவராவோம். சுமை விடுதலை அடையாது.

இக்கருத்தை நடைமுறையில் கொணர வேண்டுமாயின், வேலைகளைப் பிரித்தறிதல் அவசியம். கழிப்பிடத்தில் வேலை ஒன்றன்று, மூன்று.

முதலாவது, பயன்படுத்தியவர் தாம் இருந்த இடத்தை அடுத்தவருக்குத் தகுந்ததாக விட்டு வருதல். இதனைக் கூலிக்கு விட முடியாது. ஐம்பது பேருக்குப் பின்னாலும் ஓர் ஆள் நின்று கழுவிக்கொண்டிருத்தல் இயலாது. இது ஒவ்வொருவருடைய கடமை.

இரண்டாவது, நாள்தோறும் கட்டடம் முழுவதையும் தேய்த்துக் கழுவுதல். இது உழைப்பு. உழைப்புக்குக் கூலியும், கையுறையும், காலணியும், மரியாதையான பேச்சும் உண்டு. எச்சாதியில் பிறந்தவரும் இவ்வேலைக்கு வரலாம். எச்சாதியாரையும் இதற்கென்று தேடிப் பிடித்தல் கூடாது. கூலி கொடுக்க வகையில்லையென்றால் முறை வைத்துச் செய்தல் வேண்டும். இரண்டும் செய்யாமல், பயன்படுத்திக்கொண்டு மட்டும் போவது, கொடாததை எடுத்தலாகும். திருடாமை என்னும் சீலத்தை ஏற்றவர் நிலுவையிலுள்ள சந்தாவையும் அதனுள் சேர்த்து எண்ணுக.

மூன்றாவது, கழிவுத் தொட்டியையும் பாதாளச் சாக்கடையையும் சுத்தம் செய்தல். இதனை மனிதன் உள்ளிறங்கிச் செய்யவே கூடாது. தேங்கிய கழிவிலிருந்து எழும் நச்சுவாயு சில நொடிகளில் உயிரைக் குடிக்கும். காப்பாற்ற இறங்குபவரையும் சேர்த்துக் குடிக்கும். மலம் அள்ள மனிதரை அமர்த்துவதை 1993-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பின்றிச் சாக்கடைக்குள் இறக்குவதையும் குற்றமாக்கியது. இவ்வாறு இறந்தோர் குடும்பத்திற்குப் பத்து இலட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் கட்டளையிட்டது. 2023-இல் அத்தொகையை முப்பது இலட்சமாக உயர்த்தியது. இறப்புகளோ நிற்கவில்லை. மும்பையின் சேரிகளில் கழிப்பிடங்கள் பலவும் பாதாளச் சாக்கடையோடு இணைக்கப்படாமல் தொட்டியையே நம்பி நிற்கின்றன. தொட்டி நிரம்பி வழியும்போது, உறிஞ்சும் வண்டி நுழைய முடியாத சந்து என்று கூறிச் சில நூறு ரூபாய்க்கு ஒருவனை இறக்கிவிட எண்ணுவோர் உளர். அவ்வாறு இறக்குவது கொலைக்கு உடன்படுவதே ஆகும். எத்தனை நாள் நாற்றம் அடித்தாலும் சரி, நம் சந்தில் ஒருவனும் இறங்கலாகாது என்று ஒவ்வொரு குடியிருப்போர் சங்கமும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இங்கே ஒரு தடை எழும். மக்களே கழுவ வேண்டும், மக்களே பேண வேண்டும் என்று உபதேசித்தால் மாநகராட்சி தன் கடமையிலிருந்து நழுவிவிடாதா என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. மாடி வீட்டில் வாழ்பவரிடம் எவரும் உங்கள் தெருச் சாக்கடையை நீங்களே பேணுங்கள் என்று சொல்வதில்லை. நீரும், சாக்கடை இணைப்பும், போதுமான இருக்கையும், விளக்கும் ஏழைக்கும் உரியவை. அவற்றைக் கேட்டுப் பெறுதல் யாசகம் அன்று. ஆனால் உரிமை கேட்கும் குரலும் ஒரு செம்பு நீர் ஊற்றும் கையும் ஒருவனிடத்திலேயே இருக்கலாம். ஒன்று மற்றொன்றைத் தடுப்பதில்லை. தன் பங்கைச் செய்தவனுடைய குரலுக்கு வலிமை மிகுதி.

மகளிரின் துன்பத்தைக் கூறாமல் இப்பொருள் நிறைவு பெறாது. ஆண் எங்கேனும் ஒதுங்கிவிடுகின்றான். பெண் அடக்குகின்றாள். இரவில் செல்ல அஞ்சி மாலைக்குப்பின் நீர் அருந்தாதிருப்போர் பலர். சிறுநீரை அடக்குவதாலும் நீர் குறைவாக அருந்துவதாலும் வரும் நோய்களை அவர்கள் வெளியில் சொல்வதில்லை. மாதவிலக்கு நாள்களில் தாழ்ப்பாளற்ற கதவும் நீரற்ற தொட்டியும் அவர்களுக்கு எத்துணைக் கொடுமை! கட்டணக் கழிப்பிடங்களில் ஆண்கள் சிறுநீர் கழிக்கக் காசு கொடுக்க வேண்டாம், பெண்கள் கொடுக்க வேண்டும் என்னும் வழக்கத்தை எதிர்த்து மும்பையில் 2011-ஆம் ஆண்டில் மகளிர் இயக்கம் ஒன்று எழுந்தது. குடியிருப்போர் சங்கங்களில் முடிவு செய்வோர் பெரும்பாலும் ஆண்களே. மிகுதியாகத் துன்புறுவோர் பெண்களே. கழிப்பிடத்தைப்பற்றிய எந்த முடிவிலும் அவர்கள் சொல்லே முதலில் கேட்கப்பட வேண்டும்.

அற்பமான செய்தி என்று இதை ஒதுக்குவோர் கோசாம்பியை நினைக்கட்டும். கழுவு கலத்தில் ஒரு பிக்கு சிறிது நீரை மிச்சம் வைத்துவிட்டதே அந்நகரத்துப் பெரும் பூசலுக்கு வித்து என்று உரைநூல்கள் கூறும். தவறு சிறிது, அதைப்பற்றிய பேச்சு வளர்ந்தது, மாணாக்கர் இரு கட்சியாயினர், சங்கமே பிளவுற்றது. பகவான் சொல்லியும் அடங்காமையால் அவர் அவர்களைப் பிரிந்து காட்டிற்குச் சென்றார். எம் சந்தில் நடக்கும் சண்டைகளில் பாதி நீர்க்குழாயிலும் கழிப்பிடத்திலும் தொடங்குவன. மொழியின் பெயராலும் சாதியின் பெயராலும் அவை வளர்வதை யாம் கண்டிருக்கின்றோம்.

2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தாராவியில் கொரோனா நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. வீட்டிற்குள்ளேயே இருங்கள் என்று அரசாங்கம் கூறிற்று. கழிப்பிடம் வெளியே இருப்பவன் எவ்வாறு உள்ளேயே இருப்பான்? ஒருவர் தொட்ட தாழ்ப்பாளை அத்தனை பேரும் தொட்டாக வேண்டும். மாநகராட்சிப் பணியாளர் பொதுக் கழிப்பிடங்களை நாள்தோறும் திரும்பத் திரும்ப மருந்து தெளித்துக் கழுவினர். அடுத்து வருபவரின் உயிர் நம் கையில் இருக்கின்றது என்பதை அந்நாளில் எவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நோய் தணிந்தபின் அது மறந்துவிட்டது. நோய் கற்பித்ததை அறம் காக்க வேண்டாவா?

அக்கூட்டத்திற்குப் பிந்திய ஞாயிற்றுக்கிழமை காலையில் யாம் துடைப்பத்தையும் வாளியையும் எடுத்துக்கொண்டு கழிப்பிடத்திற்குள் சென்றோம். வீரமாகச் சொல்ல இதில் ஒன்றுமில்லை. முதல் இருக்கையைத் தாண்டுமுன் குமட்டி வெளியே வந்து நின்றோம். மறுமுறை சென்றோம். யோசனை கூறிய அம்மையாரும் அவர் மகனும் வந்து சேர்ந்தனர். மூன்றாம் வாரம் ஆறு பேர் ஆயினர். 'எங்கள் சாதி வேலை இல்லை' என்ற இளைஞர் நெடுநாள் வரவில்லை. ஒருநாள் வந்து, ஒன்றும் பேசாமல் கதவுகளின் கீல்களைச் சரி செய்துவிட்டுப் போனார். சந்தா மெல்ல வரத் தொடங்கிற்று. கழுவும் வேலைக்கு இப்போது இருவர் கூலிக்கு உள்ளனர். மாதத்தின் முதல் வாரத்திலேயே அவர்கள் கையில் பணம் சேர்கின்றது. ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு ஓய்வு. அன்று முறைக்காரர் கழுவுவர்.

அண்ணாச்சி இன்றளவும் துடைப்பத்தைத் தொடவில்லை. தொடும்படி யாம் கேட்கவுமில்லை. ஆனால் விடியற்காலை நான்கு மணிக்குக் குழாயில் நீர் வரும்போது எழுந்து சென்று, கழிப்பிடத்தின் தொட்டி நிறையும் வரையில் அருகிலேயே அமர்ந்திருப்பவர் அவரே. நீர்ச்சாடி வெறுமையாயிருந்தால் நிரப்புக என்னும் விதியை அவர் படித்ததில்லை.

யாம் இப்போது வரிசையில் வந்த இடத்திலேயே நிற்கின்றோம். சிலர் இன்னும் ஒதுங்கி வழி விடுவர். வேண்டா என்று கைகாட்டுவோம். அன்று தலைகுனிந்து சென்ற சிறுவன் இன்று வளர்ந்துவிட்டான். அவன் அதை மறந்திருக்கலாம். யாம் மறக்கவில்லை. அவனிடம் மன்னிப்புக் கேட்க ஒருமுறை நினைத்தோம். கேட்டால் அந்த வெட்கத்தை அவனுக்கு மீண்டும் நினைவூட்டியதாகும் என்று விட்டுவிட்டோம். ஆகவே அக்கடனை அவனுக்குத் திருப்பித் தர இயலாது. நமக்குப் பின்னால் நிற்பவர் யாராயினும் அவருக்கே அதனைச் செலுத்தி வருகின்றோம்.

அன்பர்களே, நாளைக் காலையும் கதவு திறக்கும். நாம் வெளியே வருவோம். ஒருவர் உள்ளே செல்வார். அவர் யார் என்று கேளாமல், அவருக்கு என்ன விட்டு வந்தோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக.